ரோபின் இஞ்சின் கம்பெனி மூடியாச்சு, அந்த இஞ்சின் போட்ட மருந்து மெஷின வாங்கலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் நாலு ஏக்கர் அஞ்சு ஏக்கர் செம்பனை வச்சிக்கிட்டு, ஆள் கிடைக்காம தானே எறங்கி மருந்து அடிக்கிறவங்க இருப்பீங்க, இந்த ரிவியூ உங்களுக்குத்தான். நான் வாங்குனது பவர் ஸ்ப்ரேயர் செட்டு. இரும்பு ஃபிரேம்ல ஒரு பக்கம் மூணு பிளஞ்சர் உள்ள பம்பு ஒன்னு, இன்னொரு பக்கம் ரோபின் ஈ.வை. 20 இஞ்சின், ரெண்டுக்கும் நடுவுல பெல்ட்டு, அவ்வளவுதான். பம்பும் ஃபிரேமும் புதுசு, இஞ்சின் மட்டும் பழைய ஸ்டாக்கு, ஆனா ஒரு தடவ கூட ஓட்டாத இஞ்சின், டவுன்ல ஒரு பழைய ஹார்ட்வேர் கடையில மேல் மாடியில பெட்டியோட கெடந்தது. சைனா இஞ்சின் போட்ட அதே மாதிரி செட்டு பக்கத்துலயே இருந்துச்சு, அத விட இது முந்நூறு வெள்ளி சொச்சம் கூட. நல்லா யோசிச்சுத்தான் எடுத்தேன், எடுத்து ரெண்டு மழைக்காலம் ஓட்டியாச்சு, இப்ப எழுதலாம்னு தோணுச்சு.

நான் இத வாங்கப்போறேன்னு சொன்னதுமே பாத்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க. ரோபின் கம்பெனியே இல்லையே, நாளைக்கு ஏதாவது போச்சுன்னா எங்க போய் நிப்ப? நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு பதில் ஜப்பான்ல இல்ல, நம்ம ஊர்லயே இருக்கு, அத சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

மொதல்ல கம்பெனி கதை. ரோபின் இஞ்சின் செஞ்சது ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ், அதாவது சுபாரு காடி செய்ற அதே ஆளுங்க. அதுக்கும் முன்னாடி போனா நாக்காஜிமா விமானக் கம்பெனி. 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் மலாயாவுக்குள்ள வந்தப்ப நம்ம தாத்தா பாட்டிங்க தலைக்கு மேல பறந்த ஹயாபுசா சண்டை விமானம் எல்லாம் அவங்க டிசைன் பண்ணதுதான். போர் முடிஞ்சதும் விமானம் செய்யக்கூடாதுன்னு ஆயிடுச்சு, அப்புறம் ஸ்கூட்டர், காடி, சின்ன இஞ்சின்னு மாறுனாங்க. அந்த சின்ன இஞ்சின்தான் நம்ம தோட்டத்துல தண்ணி பம்பு, ஜெனரேட்டர், மருந்து மெஷின்னு எல்லாத்துலயும் வந்து ஒக்காந்துச்சு. 2017 ஏப்ரல்ல கம்பெனி பேரையே சுபாருன்னு மாத்திட்டாங்க, காடி மட்டும் பாத்துக்குவோம்னு முடிவு பண்ணி அதே வருஷம் செப்டம்பர் 30-ஓட இந்த இஞ்சின் தொழில நிறுத்திட்டாங்க. கொஞ்சம் டெக்னிக்கல் சொத்த யமாஹா வாங்கிக்கிச்சு. ஆக இவங்க திவாலாகல, கணக்கு போட்டு பாத்து வெளிய போனவங்க. வாங்குற நமக்கு ரெண்டும் ஒன்னு மாதிரி தெரியும், ஆனா ஒன்னு இல்ல. திவாலானவன் அவசரத்துல கைக்கு கிடைச்ச வெலைக்கு வித்துட்டுப் போவான், கணக்கு போட்டு போறவன் விட்டுட்டுப் போற பார்ட்ஸ் வழி கொஞ்சம் ஒழுங்கா இருக்கும்.

நெஜமாவே இழுத்து மூடுன கதை எப்படி இருக்கும்னு எனக்கு தெரிய வந்தது கனடாவுல இருக்குற சின்னம்மா மகன் வழியா. அவன் அங்க பனி தள்ளுற மெஷின், ஸ்னோ புளோவர்னு சொல்றாங்க, அதுல ஒன்னு செகண்ட் ஹேண்டா வாங்குனான். நம்ம ஊர்ல யாரும் பாத்திருக்க மாட்டோம். முன்னாடி பெரிய திருகு மாதிரி ஒன்னு சுத்தி பனிய உள்ள இழுக்கும், பின்னால ஒரு விசிறி அத மேல குழாய் வழியா தூரமா வீசிடும். எல்லாத்தையும் சுத்துறது ஒரு சின்ன பெட்ரோல் இஞ்சின், அதுவும் பெல்ட்டு வழியாத்தான். அவனோட மெஷின்ல இருந்தது டெக்கம்சே ஸ்னோ கிங் இஞ்சின். டெக்கம்சேன்னா நம்ம பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்காரங்களுக்கு கம்ப்ரஸர் கம்பெனியா தெரியும், அவங்களேதான். அமெரிக்காவுல பனி மெஷின் வச்சிருக்கவங்கள்ல எத்தனையோ பேர் வீட்டுல இவங்க இஞ்சின்தான் ஓடுச்சு. 2007 கடைசியில இஞ்சின் பிரிவ ஒரு முதலீட்டு கம்பெனிக்கு வித்தாங்க, வாங்குனவங்க 2008 டிசம்பர்லயே தயாரிப்ப நிறுத்திட்டாங்க. ஒரு வருஷம் கொஞ்சம், அவ்வளவுதான்.

"அண்ணே, கம்பெனி இல்லாத இஞ்சின்னு தெரிஞ்சுதான் வாங்குனேன், பாதி வெலைக்கு கிடைச்சுச்சு"ன்னான். பார்ட்ஸ் எப்படிடான்னு கேட்டேன். பார்ட்ஸ் உரிமைய விஸ்கான்சின்ல வேறொரு கம்பெனி எடுத்துக்கிட்டாங்களாம், அது போக கார்பரேட்டர், கேஸ்கெட்டு எல்லாம் டூப்ளிகேட் தாராளமா வருதாம். இஞ்சினே செத்துட்டா? அதுக்கும் அங்க ஒரு வழி பழகிப்போச்சு, ஹோண்டா ஜி.எக்ஸ். இஞ்சின பாத்து செஞ்ச சைனா 212 சிசி இஞ்சின் ஒன்ன வாங்கி, பழச கழட்டிட்டு புல்லிய மாத்தி பெல்ட்ட மாட்டிக்கிறாங்க. மெஷினோட ஒடம்பு பழசு, இதயம் புதுசு. அவன் சொன்னதுல என்னைய உக்கார வச்சது அதுதான். பெல்ட்டு வழியா ஓடுற மெஷின்ல இஞ்சின் ஒரு தனி சாமான். அது போனாலும் மெஷின் போகாது.

இன்னொன்னும் சொன்னான், அது கேக்கவே புதுசா இருந்துச்சு. அந்த ஸ்னோ கிங் இஞ்சின்ல ஏர் ஃபில்டரே கெடையாது. பனியில தூசி இல்ல, ஃபில்டர் வச்சா ஈரம் பட்டு ஐஸாகி மூச்சு அடச்சிரும், அதனால கார்பரேட்டர் மேல ஒரு தகர மூடி மட்டும் போட்டு இஞ்சின் சூட்ட அதுக்குள்ள திருப்பி விட்டிருக்காங்க. அத கொண்டாந்து நம்ம செம்மண் ரோட்டுல ஓட்டுனா தூசி உள்ள போயி பிஸ்டன் ரிங்க தின்னுரும். அதனால இஞ்சின் வாங்குறப்ப பேர் பெருமைய பாக்குறத விட அது எந்த ஊருக்கு செஞ்சதுன்னு பாக்கணும். வெளிநாட்டுல இருந்து வர்ற ரீகோன் சாமான்ல ஆச வச்சு எடுக்குறவங்க இத மனசுல வச்சிக்கோங்க.

பிரிக்ஸ் அண்ட் ஸ்டிராட்டன் கதை மூணாவது மாதிரி. 1908-ல மில்வாக்கியில ஆரம்பிச்ச கம்பெனி, புல்லு மெஷின்ல உலகம் பூரா இருக்கும். 2020 ஜூலை 20-ல திவால் மனு போட்டாங்க. அப்ப இங்க சில கடையில அந்த இஞ்சின் போட்ட மெஷின எடுக்கவே பயந்தாங்க. ஆனா ரெண்டு மாசத்துல கே.பி.எஸ். கேப்பிட்டல்ங்கிற கம்பெனி வாங்கிருச்சு, இஞ்சின் இன்னும் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மெஷின் வச்சிருந்தவனுக்கு ஒன்னும் ஆகல. யாருக்கு ஆச்சுன்னா, அங்க வேல செஞ்சு ரிட்டயர் ஆன கெழவங்களுக்கு, அவங்களோட மருத்துவ இன்சூரன்ஸ், லைஃப் இன்சூரன்ஸ் எல்லாம் அந்த திவால்ல போச்சு. இத படிச்சப்ப எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. வெள்ளக்காரன் தோட்டத்த துண்டு போட்டு வித்துட்டுப் போன காலத்துலயும் இதே கததான், மரம் எப்பவும் போல பால் குடுத்துச்சு, லயத்துல இருந்தவங்கதான் தெருவுக்கு வந்தாங்க. நம்ம சுங்கை சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-ல, தொழிலாளிங்க காச சேத்து தோட்டத்த வாங்குற தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சதே அதுக்காகத்தான். கம்பெனி கை மாறுனா சாமான் தப்பிச்சுக்கும், மனுசனுக்குத்தான் அடி.

சரி, மெஷினுக்கு வரேன்.

ஈ.வை. 20 பழைய டிசைன். 183 சிசி, 5 குதிரை சக்தி. வால்வு ரெண்டும் தலையில இல்லாம பக்கவாட்டுல பிளாக்குலயே இருக்கும், அதனால ஹெட்டு வெறும் தட்டையான அலுமினிய மூடிதான், போல்ட்ட கழட்டுனா கையோட வந்துரும். வீட்டு அஞ்சடியில உக்காந்து ஒரு சாக்கெட் செட்ட வச்சிக்கிட்டு கரி சொரண்டிரலாம். இப்ப வர்ற ஓவர் ஹெட் வால்வு இஞ்சின விட இது பெட்ரோல் கூட குடிக்கும், அத மறைக்கல, சூடும் கூட. ஒரு டேங்க் முடியறப்ப வித்தியாசம் நல்லாவே தெரியும். ஆனா நான் மாசத்துக்கு ஒரு சுத்து மருந்து அடிக்கிறவன், எனக்கு அந்த ரெண்டு மூணு வெள்ளி பெரிசு இல்ல. தெனமும் ஓட்டுற கண்ட்ராக்டுக்காரங்க கணக்கு வேற, அவங்க புது டிசைன் இஞ்சின் எடுக்குறதுதான் சரி.

வாங்குறதுக்கு முன்னாடி நம்ம ஃபோர்மேன் அண்ணன கூட்டிட்டுப் போனேன், தோட்டத்து வொர்க்‌ஷாப்புல இருந்து ரிட்டயர் ஆனவரு, இப்ப வீட்டுக்கு முன்னால கொட்டாய் போட்டு புல்லு மெஷின் பாக்குறாரு. அவர் பாத்த விதத்த சொல்றேன், யாருக்காவது உதவும். பெட்டியத் தொறந்ததும் ஸ்டார்ட் பண்ணல. மொதல்ல பிளக்க கழட்டுனாரு, அது பி6எச்எஸ், மோட்டர்சைக்கிள் கடையிலயே கிடைக்கிற சாதாரண பிளக்கு. அந்த ஓட்டையில ரெண்டு சொட்டு ஒயில விட்டு, கயித்த மெதுவா இழுத்து இழுத்து சிலிண்டருக்குள்ள பரவ விட்டாரு. வருசக்கணக்கா ஓடாம கெடந்த இஞ்சின காஞ்ச சிலிண்டரோட படார்னு இழுத்தா ரிங்கு கீறிடும்னாரு. அப்புறம் கட்டவிரல அந்த ஓட்டையில வச்சு அழுத்திக்கிட்டு என்னைய கயித்த இழுக்கச் சொன்னாரு, காத்து "புஸ்"னு அவர் விரல தள்ளுச்சு, "ம்ம், நல்லா இருக்கு தம்பி"ன்னாரு. கார்பரேட்டர் கீழ இருக்குற கிண்ணத்த கழட்டி வெளிச்சத்துல காட்டுனாரு, உள்ள மஞ்ச கறையே இல்ல, அப்ப பெட்ரோல் ஊத்தவே இல்லன்னு அர்த்தம். டேங்குல இருந்து வர்ற ரப்பர் டியூப் மட்டும் விரல்ல மடிச்சா வெடிப்பு தெரிஞ்சுது, அது ஸ்டாக்குல கெடந்த வயசு, எந்த ரப்பரா இருந்தாலும் அப்படித்தான் ஆகும். கடை முதலாளி டவுக்கே அங்கேயே புது டியூப் வெட்டி மாட்டிக் குடுத்தாரு, காசு வாங்கல.

ஒயில் ஊத்தி, பெட்ரோல் ஊத்தி, சோக்க போட்டு இழுத்தா ரெண்டாவது இழுப்புல எடுத்துக்கிச்சு. அந்த பக்கவாட்டு வால்வு சத்தம் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், கொஞ்சம் கனமா, தொப்பு தொப்புன்னு.

ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு எப்படி தெரியும்னு கேப்பீங்க. ரோபின் பேர்ல, ரோபின் மாதிரியே மஞ்ச பெயிண்ட் அடிச்சு டூப்ளிகேட் நெறைய வந்துருச்சு. சைனாவுல செஞ்சதுன்னு போட்டிருந்தா ஒடனே பொய்னு முடிவு பண்ணாதீங்க, ஃபூஜி கம்பெனியே சாங்ஜோவுல கூட்டு ஃபேக்டரி வச்சு செஞ்சிருக்காங்க. பாக்க வேண்டியது வேலப்பாடு. ஃபோர்மேன் அண்ணன் பாத்தது ஃபின்னு, அதாவது காத்து குளிர வைக்கிற தகடு வரிசை. ஓரம் கூரா, பிசிறு இல்லாம, ஒரே அளவா இருக்கா, போல்ட்டு தலை சீரா இருக்கா, மாடல் நம்பர் தகடு ஒழுங்கா அடிச்சிருக்கா, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிருக்கா. ஆன்லைன்ல படத்த பாத்து இத கண்டுபிடிக்கவே முடியாது. ஷாப்பியில "ஒரிஜினல் ரோபின்"னு எவ்வளவு பெரிசா எழுதியிருந்தாலும் கையில தொட்டுப் பாக்காம காசு அனுப்பாதீங்க.

பார்ட்ஸ் விஷயத்துக்கு நான் செஞ்சது இதுதான். இஞ்சினுக்கு காசு குடுக்குறதுக்கு முன்னாடியே நம்ம டவுன்லயும் கோல கங்சார்லயும் ஈப்போவுலயும் கடை கடையா ஏறி பிஸ்டன் ரிங்கு, கேஸ்கெட்டு செட்டு, கார்பரேட்டர், காயில், கயிறு இழுக்குற ஸ்டார்ட்டர், இந்த அஞ்சும் இருக்கான்னு கேட்டேன். சுங்கை சிப்புட்லயே மூணு கைக்கு கிடைச்சுச்சு, மீதி ஈப்போவுல. அதுல பாதி ஒரிஜினல் மிச்சம், பாதி டூப்ளிகேட். கம்பெனி மூடி இத்தன வருஷம் ஆயும் கடைக்காரன் ஸ்டாக் வைக்கிறான்னா வாங்குறவன் இருக்கான்னு அர்த்தம். நேத்து வந்த புது பிராண்டுக்கு, கம்பெனி நல்லா ஓடிக்கிட்டு இருந்தாலும், நம்ம ஊர்ல ஒரு கேஸ்கெட்டு கூட கிடைக்காது. என் மாமா ஒருத்தர் அப்படி ஒரு பேர் தெரியாத இஞ்சின வாங்கி, வாரண்டி கார்டு கையில இருந்தும், கார்பரேட்டருக்கு கிள்ளான்ல இருந்து வரணும் வரணும்னு வாரக்கணக்கா காத்துக்கிட்டு இருந்தாரு, புல்லு முட்டி உயரம் வளந்துருச்சு. இருக்குற கம்பெனி எல்லாம் கை குடுக்கும், மூடுன கம்பெனி எல்லாம் கைவிடும்னு ஒன்னும் இல்ல.

கேஸ்கெட்டு செட்டு ஒன்னும் ரிங்கு செட்டு ஒன்னும் அன்னைக்கே சேத்து வாங்கி பிஸ்கட் டின்னுல போட்டு வச்சிட்டேன். கம்பெனி இல்லாத இஞ்சின வாங்குறவங்க இத அவசியம் செய்ங்க, ஒரிஜினல் மிச்சம் தீந்துக்கிட்டே வருது.

இனி பம்பு. இது வேற கம்பெனி செஞ்சது, இதுல சொல்ல வேண்டியது, மேல ரெண்டு கிரீஸ் கப்பு இருக்கும், ஓட்டறப்ப அப்பப்ப ஒரு திருகு திருகி விடணும், மறந்தீங்கன்னா சீல் தேஞ்சு தண்ணி கசியும். பக்கத்துல கண்ணாடி வட்டம் இருக்கும், அதுல ஒயில் தேத்தண்ணி கலர்ல தெரியணும், பால் மாதிரி வெளுத்துச்சுன்னா தண்ணி உள்ள போயிருச்சு, ஒடனே நிறுத்துங்க. பெல்ட்டு மேல நம்பர் அடிச்சிருக்கும், அத சொன்னா எந்த ஹார்ட்வேர் கடையிலயும் எடுத்துக் குடுப்பாங்க. களைக்கு அடிக்கிறப்ப பிரஷர நல்லா கொறச்சு வைங்க, ஏத்தி வச்சா மருந்து புகை மாதிரி பறந்து பக்கத்து வேலி மேலயும் நம்ம மூஞ்சியிலயும் படும். முகமூடி, பூட்ஸ், கையுறை இல்லாம யாரும் அடிக்காதீங்க. எங்க அம்மா முதுகுல மருந்து பம்ப தூக்கிக்கிட்டு தண்ணியோட இருபது கிலோ கிட்ட சுமந்து, பாராகுவாட்டு கையில வழிய வழிய தோட்டத்துல அடிச்சவங்க, அவங்க நகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த மருந்த 2020 ஜனவரி 1-ல தடை பண்ணிட்டாங்க, ரொம்ப லேட்டு. இந்த மெஷின்ல எனக்கு ரொம்ப புடிச்சதே அதுதான், டிரம்மும் இஞ்சினும் ரோட்டோரம் நிக்கும், நான் ஓஸ மட்டும் இழுத்துக்கிட்டுப் போறேன், முதுகுல ஒரு சொட்டு பாரம் இல்ல.

பெல்ட்டு செட்டுன்னு நான் இவ்வளவு அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. இதே கடையில இதே இஞ்சின் போட்ட தண்ணி பம்பும் இருந்துச்சு, வெல கொறவுதான், ஆனா அதுல பம்ப இஞ்சின் மூஞ்சியிலேயே போல்ட்டு போட்டு, உள்ள இருக்குற விசிறிய இஞ்சின் தண்டுலயே நேரா மாட்டியிருக்காங்க. நாளைக்கு அந்த இஞ்சின் செத்தா அதே தண்டு அளவு, அதே போல்ட்டு எடம் உள்ள இஞ்சின தேடணும், கிடைக்கலன்னா பம்பும் சேந்து பழைய இரும்புக்குப் போகும். என் செட்டுல அந்த பயம் இல்ல. ஃபிரேம்ல நாலு போல்ட்டு, புல்லி ஒன்னு. ஃபோர்மேன் அண்ணன் டேப் வச்சு அளந்து பாத்துட்டு, "எந்த இஞ்சினா இருந்தாலும் ஓட்டை போட்டு உக்கார வச்சிரலாம் தம்பி, புல்லி மட்டும் தண்டுக்கு தக்கன மாத்திக்கணும்"னாரு. கனடாவுல தம்பி செஞ்சதும் இதேதான்.

கடைய பத்தி. டவுக்கே வயசானவரு, நம்ம ஆளுங்க கூடவே வளந்ததால தமிழ் நல்லா பேசுவாரு. கம்பெனி மூடுனத அவரே மொதல்ல சொல்லிட்டாரு, மறைக்கல, வாரண்டி கெடையாது, ஆனா ஒரு மாசத்துக்குள்ள இஞ்சின்ல ஏதாவதுன்னா கொண்டா பாப்போம்னு வாயால சொன்னாரு. பில்லுல அத எழுதச் சொல்லி வாங்கிக்கிட்டேன், நீங்களும் வாங்கிக்கோங்க. கொறன்னு சொன்னா, பெல்ட்டு மேல போடுற கம்பி மூடி இல்லாமலே செட்ட குடுக்க வந்தாங்க. அது எக்ஸ்ட்ரான்னாரு அவர் மகன். எக்ஸ்ட்ரா இல்ல அது, கைலியோ ஓஸோ ஒரு தடவ பெல்ட்டுல சிக்குனா விரல் போயிரும். கேட்டு சண்ட போட்டு, காசு இல்லாம மாட்ட வச்சேன். கொழந்தைங்க இருக்குற வீடுன்னா அந்த மூடி இல்லாம மெஷின கடைய விட்டு எறக்காதீங்க.

நான் போனப்ப மேல் மாடியில இன்னும் ரெண்டு மூணு பெட்டி இருந்துச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானத்தோட கடை அடச்சிருவாங்க, காலையிலயே போங்க, உங்க ஊரு ஃபோர்மேன் யாரையாவது கூட்டிக்கிட்டுப் போங்க, போறப்பவே ஒரு பிளக்கு ஸ்பேனர எடுத்துக்கோங்க.